மேல் வீட்டுச் செருப்புகள்

கழக்கூட்டம்
ஞாயிறு மத்தியானம்

பிரியமுள்ள மகள் சுமிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லித்தான் முழங்கால் போடுகிறேன். பார்சலோடு ஒரு கடிதமும் வைக்கிறேன் என்று போன மாதமே சொன்னேன், இன்றுதான் பேப்பரை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன், கோபிக்காதே. நாளைக்குக் காலையில் ஷிபின் வந்து பார்சலை வாங்கிக்கொண்டு போகிறான், அவனுக்கு மறுநாள் ஃப்ளைட். உன்கூடப் படித்த பையன் நீ இருக்கிற ஊருக்கே வருவது எனக்குப் பெரிய ஆறுதல். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எல்லாம் சுகம் என்று சொல்லிவிடுவேன் மக்களே. போன தடவை அப்படித்தான் சொன்னேன், அது பொய்.

பயப்படாதே, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. சுகர் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் டீக்குச் சீனி வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெயின்ட் கடை வேலைக்கு நடுவில் பழம்பொரி வாங்கித் தின்கிறார், சட்டைப் பையில் எண்ணெய்க் கறையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா. ஐப்பசித் துலாமழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை, ஹைவேயில் இருந்து நம் வீட்டுக்குத் திரும்புகிற முக்கில் ஸ்கூட்டரெல்லாம் நீந்தித்தான் வருகிறது. பார்சலில் சிப்ஸ், எலுமிச்சை ஊறுகாய், உனக்குப் பிடித்த முந்திரிக்கொத்து எல்லாம் இருக்கிறது, ஊறுகாய்ப் பாட்டிலைக் கவரோடு நிமிர்த்தியே வை.

இப்போது புதன்கிழமை நீ அழுதுகொண்டு பேசின விஷயத்துக்கு வருகிறேன். வாடகை ஏஜென்சிக்காரி மூன்று மாதத்துக்கு ஒருதரம் ரொட்டீன் இன்ஸ்பெக்‌ஷன் என்று வீட்டைச் சுற்றிப் பார்க்க வருவாள், முன்கூட்டியே மெயில் போடுவாள், கட்டில் அடி முதல் கக்கூஸ் வரை போட்டோ எடுப்பாள் என்று நீ முன்னமே சொல்லியிருக்கிறாய். இந்த முறை அடுக்களை மேடையில் சட்டி வைத்த கருப்பு வட்டத்தைக் கண்டுபிடித்தாள், இது யார் வேலை என்று கேட்டதற்கு அடுத்த அறைப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் உன்னைக் கை காட்டிவிட்டாள், இந்தியாக்காரி எப்போதும் எண்ணெய் வைத்துப் பொரிப்பாள் என்று சொன்னாள், இனி நீ பதில் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்றாய். நீ கடுகு தாளிப்பதே அந்தக் குட்டி எலக்ட்ரிக் குக்கரில்தான், அது எனக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணை நான் என்னவெல்லாம் சொன்னேன். அவள் உருப்படுவாளா, அவளைப் பெற்றவள் இதைத்தான் சொல்லிக் கொடுத்தாளா, தான் தப்பிக்க அடுத்த பிள்ளை தலையில் கட்டிவிடுகிறவள் ஒரு மனுஷியா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டேன். நீ ஹலோ அம்மா, அம்மா கேக்குதா, கேக்குதா என்று கூப்பிட்டாய், பிறகு நெட் போயிட்டு என்று மெசேஜ் போட்டாய். நெட் போகவில்லை சுமி. எனக்குத்தான் வாய் அடைத்துவிட்டது.

அதே பேச்சில் முதலில் நீ உலகம்மாள் அக்கா எப்படி இருக்கா, கௌசி பள்ளிக்கூடம் போறாளா என்று கேட்டாய். நீ புறப்படுகிற அன்று மேல் வீட்டில் இருந்து இட்லிப்பொடியைச் சூட்டோடு பொதிந்து கொண்டுவந்து உன் பெட்டியில் திணித்தவள், எங்க பிள்ள போற ஊர்ல எவன் இட்லிப்பொடி விக்கான் என்று என்னையே அதட்டினவள். அவளுக்கு என்ன, சுகமாக இருக்கிறாள் என்று சொன்னேன். அன்றைக்கு அவளும் அவள் புருஷன் வீரபாண்டியும் பிள்ளையோடு இந்த மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்ற நிலையில் இருந்தார்கள். அப்படி ஆக்கினது நான்.

நம் வீட்டு ஓனர் தங்கப்பன் சார் பஹ்ரைனில் மகன் வீட்டில் இருந்துகொண்டு வீடியோ காலில் வீடு பார்ப்பது நீ இருக்கும்போதே தொடங்கியதுதான். அவரும் அதை ரொட்டீன் இன்ஸ்பெக்‌ஷன் என்றுதான் சொல்வார், அந்த வார்த்தையை உன் வாயில் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. நான் போனைப் பிடித்துக்கொண்டு கீழும் மேலும் நடப்பேன், அவர் அங்கே இருந்து சுவரில் ஈரம் உண்டா, பைப் சொட்டுகிறதா, கூடுதல் ஆள் தங்குகிறார்களா என்று பார்ப்பார். முன்னே மேல் வீட்டில் இருந்த பையன்கள் ரெண்டு அறையில் ஒரு பட்டாளத்தையே படுக்க வைத்து, குழாய் உடைந்து கூரையெல்லாம் ஊறிப்போனது உனக்கு நினைவிருக்கும். சார் நேரில் வந்த அன்று எல்லோரும் மொட்டை மாடியில் ஒளிந்தார்கள், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டார்கள். அதிலிருந்து சாருக்கு அந்தப் பழக்கம். போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, ஆத்யம் செருப்பு, முதலில் செருப்பைக் காட்ட வேண்டும். நானும் மாடிப்படி அடியில் கிடக்கிற செருப்புகளைக் காட்டுவேன். மேலே படி முடிகிற இடத்தில் மழைத் தண்ணீர் கட்டும் என்பதால் உலகம்மாள் வீட்டுச் செருப்பும் கீழேதான் கிடக்கும், நம்முடையதும் அங்கேதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மற்றதைப் பார்ப்பார்.

உன் அறையில் நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது சாருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அக்ரிமென்டில் குடியிருக்க மட்டும் என்று எழுதியிருக்கிறது. நீ போன பிறகு பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அந்த வரும்படியில்தான் உனக்கு அனுப்புகிறேன், அதுவும் உனக்குத் தெரியும். இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிற அன்று யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிடுவேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றவர், அன்றைக்கு ஏதோ வேலை என்று முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள், வெளியே மழை, படி அடியில் சின்னச் சின்னச் செருப்புகள் சேறோடு ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிறது. போனை எடுக்காமல் விட்டிருக்கலாம், எடுத்துவிட்டேன். உள்ளே பார்த்து மூச்சு விடாதீர்கள் என்று கை காட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன். சார் செருப்பைப் பார்த்தார். இதென்தா ஜெபமலரே, கல்யாண வீடோ என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை மக்களே. மேல உள்ளவங்களோடது சார் என்று சொன்னேன். சொன்னது என் குரல் மாதிரியே இல்லை. அவர் சிரிப்பு நின்றது. சரி, மேலெ போகண்டா, மதி என்றார், மேலே போக வேண்டாமாம், பார்த்தது போதுமாம், போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்தால் எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்க்கிறார்கள். முன்னால் இருக்கிற ஒரு சின்னப் பெண், டீச்சரே, நம்ம செருப்பெல்லாம் எப்போ மேல போச்சு என்று கேட்டாள். மற்றவர்கள் ஹோ என்று சிரித்தார்கள். நான் அவளை அதட்டி ஏழாம் வாய்ப்பாட்டை மறுபடியும் சொல்லச் சொன்னேன்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்து சோறு வடிக்கிறேன், உலகம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறாள். சார் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். எக்கா, எனக்கு வார மலையாளம் மீன்காரன்கிட்ட பேசுத மலையாளம், இவரு ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்காரு, என்னன்னு கேட்டுச் சொல்லுங்க என்று என் கையில் கொடுத்தாள். வீரபாண்டிக்கு அன்று ஹோட்டலில் காலை ஷிப்ட். நான் கேட்டேன். அக்ரிமென்டுக்கு மேல் ஆளைத் தங்க வைத்திருக்கிறீர்கள், செருப்பைக் கண்ணால் பார்த்தேன், பழைய பையன்கள் கதை இன்னொரு முறை நடக்க விடமாட்டேன், மாதம் முடிவதற்குள் இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அதை நான்தான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே அடுப்பைத் தணித்தேன், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. அவள் முதலில் கோபப்படவே இல்லை. எந்தச் செருப்புக்கா, எனக்கு ஒரு சோடி, அவருக்கு ஒண்ணு, கௌசிக்கு ஒண்ணு, அதுல அவரோடது வாரு அந்து ஊக்கு குத்திக் கெடக்கு, எங்க வீட்ல என்ன பூரானா குடியிருக்கு இத்தன செருப்பு போட என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன் சுமி. எப்போதும் அவள் பேச்சுக்குச் சிரிக்கிற பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பிறகு கண் நிறைந்துவிட்டது. நீங்க சொன்னா சாரு கேப்பாருக்கா, நீங்க படிச்சவுக, ஒரு வார்த்த சொல்லுங்க என்றாள். பார்க்கிறேன் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் முந்தின நாள் சொல்லிவிட்டு வந்து நிற்கிறேன் என்று சொல்லவில்லை.

அன்று முதல் தினமும் வீரபாண்டி வேலை முடிந்து வந்து மழையில் வீடு தேடினான். மேனங்குளம் பக்கம் ஒரு வீட்டில் ஹோட்டல் பணிக்காருக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்களாம், இன்னொரு இடத்தில் தமிழ்நாட்டில் இருந்தா, அப்படியானால் பின்னால் சொந்தக்காரர் பஸ் ஏறி வருவார்களே என்று கேட்டார்களாம். கடைசியில் கிடைக்காவிட்டால் உலகம்மாளையும் கௌசியையும் தென்காசிப் பக்கம் ஊருக்கு அனுப்பிவிட்டு ஹோட்டல் பையன்கள் ரூமில் படுத்துக்கொள்வது என்று முடிவு பண்ணிவிட்டான். கௌசி இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மலையாள எழுத்து பழகுகிறாள், படியில் உட்கார்ந்து என்னிடம் அ எழுதிக் காட்டுவாள். அப்பா இங்கேயும் பிள்ளை ஊரிலும் என்று பிரியப் போகிற குடும்பத்தை நான் தினமும் படியில் பார்த்து, என்ன வீரபாண்டி, வீடு ஏதாவது அமைஞ்சுதா என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கப் பிடிக்கவில்லை. இருந்தும் சாரிடம் பேசவில்லை. பேசினால் நம் டியூஷன் போகும், வீடும் போகலாம், உனக்கு அனுப்புவது நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பேரைச் சொல்லித்தான் சும்மா இருந்தேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் புதன்கிழமை உன் போன் வந்தது. வைத்த பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், சாருக்குச் சொன்னா நம்ம பெட்டியையும் கட்டி வைக்கணும், ஆனாலும் சொல்லு ஜெபா, மேல குழந்த ஓடுற சத்தம் கேட்டா எனக்கும் இனி சோறு இறங்காது என்றார். மறுநாள் காலையில் சாரைக் கூப்பிட்டேன். அந்தச் செருப்பெல்லாம் என் டியூஷன் பிள்ளைகளுடையது, மேலே உள்ளவர்கள் மூன்று பேர்தான், நான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் கத்தவில்லை. டியூஷன் உண்டென்னு எனிக்கு பண்டே அறியாம் ஜெபமலரே, ஞான் சோதிச்சோ என்றார். அவருக்கு முன்னமே தெரியுமாம், நான் என்றைக்காவது கேட்டேனா என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் படிக்கிறதுதானே என்று விட்டிருக்கிறார். நான் ஒளித்தது ஒளிக்க வேண்டியதே இல்லாத ஒன்றை. மேலே உள்ளவர்கள் இருக்கட்டும், வீரபாண்டியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். டியூஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், இனி நீ போன் பிடிக்கண்டா, சிபி வந்து பார்த்துக்கொள்வான் என்று வைத்தார். சிபி யார் என்று உனக்குத் தெரியும், ஜங்ஷனில் வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர். இனிமேல் அவன் வந்து மேல் வீட்டோடு நம் வீட்டையும் பார்ப்பான், நான் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அது சரிதான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. சார் வீரபாண்டியிடம் காரணம் எதுவும் சொல்லாமல், டீச்சர் கூப்பிட்டுப் பேசினாள், அதனால் நீங்கள் இருந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உலகம்மாள் தூக்குவாளி நிறைய சால்னாவும் பேப்பரில் பொதிந்த பரோட்டாவுமாக வந்து நிற்கிறாள். வீரபாண்டி தன் கையால் நமக்கென்று தனியாக அடித்ததாம். எக்கா, ஒங்களுக்கு ஒரு கோயில் கட்டணும், நீங்க வேதக்காரவுக, சர்ச்சுதான் கட்டணும், அதுக்கு எங்ககிட்ட வக்கு இல்ல, சால்னாதான் இருக்கு என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கௌசி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் வாளியை வாங்கிக்கொண்டேன். அப்பா வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். நான் ஒரு பரோட்டா தின்றேன் மக்களே. தின்னாமல் வைத்தால் காலையில் குப்பையில் பார்ப்பாளே என்று தின்றேன்.

அந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உனக்கும் சொல்லித்தானே வளர்த்தேன், உனக்குச் செய்த முந்திரிக்கொத்தில் கொஞ்சம் அவளுக்கென்று எடுத்தும் வைத்தேன். நேற்று ரெண்டு தரம் வாளியில் போட்டுவிட்டு மறுபடியும் வெளியே எடுத்தேன். பலகாரம் போட்டுச் சிரித்துக்கொண்டு கொடுத்தால் அது இன்னொரு பொய். இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுவதே முதலில் யாரிடமாவது முழுதாகச் சொல்லிப் பழகத்தான் போல. அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். பேனாவை வைத்துவிட்டு மேலே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அவள் கௌசிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. முதலில் சும்மா இருங்கக்கா, வெளாடாதீங்க என்று சிரித்தாள். பிறகு சீப்பு பிள்ளை தலையில் பாதியில் நின்றது. கௌசியை உள்ளே போகச் சொன்னாள். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்துத்தான் போனேன், ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் என்னைப் பார்த்து, அன்னைக்கு நான் பூரான்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்களேக்கா என்றாள். மழையில அவரு வீடு தேடி அலைஞ்சாரு, அமைஞ்சுதான்னு கேட்டீங்களே என்றாள். கேட்டேன் என்றேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன், அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பிறகு, எங்க வாளியக் குடுங்க என்று எழுந்து என் பின்னாலேயே இறங்கி வந்தாள். நான் முந்திரிக்கொத்து டப்பாவைத் திறக்கப் போனேன். ஒண்ணும் போட வேண்டாம், வெறும் வாளி போதும் என்று கை நீட்டினாள். வெறும் வாளியைத்தான் கொடுத்தேன். வாசலில் குனிந்து அவர்கள் வீட்டுச் செருப்பை மட்டும் பொறுக்கி எடுத்தாள், ஊக்கு குத்தின ஜோடியையும் சேர்த்து, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் செருப்புமாக ஏறிப் போனாள். மேலே தண்ணீர் கட்டுமே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இப்போது படியடியில் நம்முடையது மட்டும்தான் கிடக்கிறது.

உன் விஷயத்துக்கு அம்மா சொல்லக்கூடியது இதுதான். நீ செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்காதே, நீ எதில் சமைக்கிறாய் என்பதைக் குக்கரோடு போட்டோ எடுத்து ஏஜென்சிக்காரிக்கு மரியாதையாக எழுது, பயப்படாதே. அந்தப் பெண்ணை நான் சொன்ன வார்த்தைகளையெல்லாம் மறந்துவிடு, அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. என்றைக்காவது அவள் உன் கதவைத் தட்டி நான்தான் சொன்னேன் என்று நின்றால் உடனே சமாதானமாகிவிடு என்று நான் கேட்கமாட்டேன், அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கதவைத் திறந்து நின்று கேட்டுக்கொள், அவ்வளவு செய். உலகம்மாள் எனக்கு அவ்வளவு செய்தாள். நீ அவளுக்குப் போன் பண்ணுவாய் என்று தெரியும், பண்ணு, ஆனால் எனக்காகப் பேசாதே.

அவளுக்கு எடுத்து வைத்த முந்திரிக்கொத்தையும் உன் பார்சலிலேயே போட்டுவிட்டேன், அதனால்தான் கணக்குக்கு மேல் இருக்கும். காலுக்குச் சாக்ஸ் போட்டுத் தூங்கு, ஊறுகாய்க்கு ஈரக் கரண்டி போடாதே. உன்னைப் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் காக்கட்டும், நீ குடியிருக்கிற வீட்டில் உனக்கு நிம்மதி தரட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஜெபமலர்